கவரைக் கழற்றியது யார் குற்றம்?

சித்த வைத்தியர் மரம் அறுக்கிற மிஷினைப் பற்றி எழுதுகிறாரே, அச்சகத்தில் பக்கம் ஏதும் மாறிவிட்டதோ என்று நினைக்கிறீர்களா? மாறவில்லை. இந்த விஷயத்தை என்னிடம் கொண்டுவந்ததே என் நோயாளிகள்தான்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன் நான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக வைத்தியம் பார்க்கிறேன். மூட்டு வலி, முதுகு வலி, கை கால் விறைப்பு... இப்படி வருகிறவர்கள்தான் அதிகம். சில வருஷங்களாக அவர்களோடு இன்னொரு வகையினரும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, காயமும் ஆறியிருக்கும். ஆனால் விரல் மடங்காது. எண்ணெய் போட்டு நீவிவிடச் சொல்லி வருவார்கள். "என்ன தொழில் தம்பி?" என்று நான் கேட்கவே வேண்டாம். நல்ல கையின் நகக்கண்ணில் பசை காய்ந்து ஒட்டியிருக்கும். மர வேலைக்காரர்கள்!

சென்ற வருஷம் வந்த ஒருவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மூணாவது மாடி வீடுங்கய்யா. அலமாரி வேலை. கிரகப்பிரவேசத்துக்கு நாலே நாள்தான் பாக்கி. பாதி வேலையில கரண்ட் போச்சு. சும்மா நிக்கிற நேரத்துல பிளேடை மாத்திடலாமேன்னு ஸ்பானரைப் போட்டேன். சுவிட்சை லாக் பண்ணி வச்சிருந்தது ஞாபகமே இல்ல. படக்குன்னு கரண்ட் வந்துடுச்சு."

மோதிர விரலும் சுண்டு விரலும். எலும்பு தப்பியது. உள்பக்கத்துத் தசைநாண் போய்விட்டது.

"அதுக்கு மேல ஒரு கவர் இருக்குமே, அது எங்கேப்பா?" என்று கேட்டேன். என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அதை வாங்கின அன்னைக்கே கழட்டிடுவோம். அது இருந்தா பிளேடு மாத்தவே முடியாதுங்களே!"

இதைக் கேட்டதும் 'கவரைக் கழற்றியது அவன் தப்பு' என்று தீர்ப்பு எழுதிவிடுவீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு யோசித்தபோது எனக்கு வேறு ஒன்று தோன்றியது. அதைச் சொல்வதற்கு முன்னால், உங்கள் வீட்டு வராந்தாவில் ஓடுகிற அந்த மிஷின் என்ன என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

பெரும்பாலும் அது மரம் அறுப்பதற்காகச் செய்த மிஷினே அல்ல. பெயரே 'மார்பிள் கட்டர்'தான். தரைக் கல்லும் டைல்ஸும் அறுக்கப் பிறந்தது. கல் அறுக்கும் வட்டின் ஓரத்தில் வாள் மாதிரிப் பல் இருக்காது. அதனால் மேல் பாதியை மட்டும் மூடுகிற ஒரு தகட்டுக் கவரோடு விட்டுவிட்டார்கள். கீழ்ப் பாதி திறந்தேதான் இருக்கும். அதில் நம் ஆட்கள் பல் வைத்த மர பிளேடை மாட்டிக்கொள்கிறார்கள். விலை குறைவு, கைக்கு அடக்கம், எந்தக் கடையிலும் கிடைக்கும். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

கணக்கையும் பாருங்கள். இந்த மிஷின்கள் நிமிஷத்துக்குச் சுமார் 12,000 சுற்று ஓடும். அதாவது நொடிக்கு 200 சுற்று. பிளேடில் 40 பல் இருந்தால், ஒரே நொடியில் ஒரு இடத்தைக் கடந்து போகிற பற்கள் 8,000! 110 மில்லிமீட்டர் பிளேடின் ஓரம் மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. கையை இழுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே வேண்டாம். 'சுருக்'கென்று வலிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இது போதாதென்று, மிஷினைக் கவிழ்த்து ஒரு பலகைக்கு அடியில் திருகி, பிளேடு மட்டும் மேலே எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு மேஜை செய்துகொள்கிறார்கள். சுவிட்ச் லாக்கில் இருக்கும். கவர் இருக்கவே இருக்காது. ஆழமாக அறுக்க வேண்டும் என்று நாலு அங்குல பிளேடு இருந்த இடத்தில் ஐந்து அங்குலத்தைப் போடுகிறவர்களும் உண்டு. அதற்குக் கவர் இடம் கொடுக்காது, அதனாலும் கழற்றியாக வேண்டும்.

இப்போது எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

சித்த மருத்துவத்தில் மருந்தை மட்டும் கொடுக்க மாட்டோம். தேனில், நெய்யில், வெந்நீரில் என்று துணை மருந்தும் சேர்த்துச் சொல்வோம். அனுபானம் என்று பெயர். மருந்து வேலை செய்ய அது உதவும் என்பது ஒரு காரணம். நோயாளி முகம் சுளிக்காமல் சாப்பிடுவார் என்பது இன்னொரு காரணம். எவ்வளவு உயர்ந்த கஷாயமாக இருந்தாலும் வாஷ்பேசினில் போனால் வியாதி தீருமா? பத்தியமும் அப்படித்தான். புளி கூடாது, உப்பு கூடாது, எண்ணெய் கூடாது என்று ஒரு மண்டலத்துக்கு எழுதிக் கொடுத்தால் மூன்றாம் நாளே விட்டுவிடுவார்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் அப்படிக் கறாராக எழுதிக் கொடுத்து, நோயாளி விட்டதும் கோபித்துக்கொண்டவன்தான். கோபம் என்மேல் வந்திருக்க வேண்டும் என்பது பிற்பாடுதான் புரிந்தது.

பிளேடு கவரும் ஒரு பத்தியம். ஒரு நாளில் பிளேடை எத்தனை முறை மாற்ற வேண்டியிருக்கிறது! பிளைவுட்டுக்கு ஒன்று, கட்டைக்கு ஒன்று, மழுங்கினால் வேறொன்று. ஒவ்வொரு முறையும் குட்டி குட்டி ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும், இரண்டு ஸ்பானரை எதிரும் புதிருமாகத் திருப்ப வேண்டும், விரல் நுழையாத சந்தில் கையை விட வேண்டும் என்றால் அந்தக் கவர் மூன்றாம் நாள் மூட்டைக்குள் போய்விடும். கழற்றியது அவர் கைதான். கழற்ற வைத்தது அதைச் செய்தவரின் யோசனைக் குறைவு.

அப்படியானால் நல்ல கவர் எது? மரத்துக்கென்றே செய்த கை மிஷின்களில் பார்த்திருக்கிறேன். கீழ்ப் பாதியை மூடுகிற கவர் ஒரு ஸ்பிரிங்கில் நிற்கும். மரத்தில் வைத்துத் தள்ளும்போது தானாகப் பின்னால் போகும். மரத்தை விட்டு எடுத்ததும் தானாக வந்து மூடிக்கொள்ளும். பிளேடு மாற்ற ஒரு சிறு நெம்புகோலால் கவரை ஒதுக்கினால் போதும், கழற்றவே வேண்டாம். அச்சு சுற்றாமல் பிடிக்க ஒரு பொத்தான், அதனால் இரண்டாவது ஸ்பானர் தேவையில்லை. சிலவற்றில் சாவி மிஷினிலேயே சொருகியிருக்கும். தேட வேண்டாம். இவ்வளவுதான் சங்கதி!

'எளிதாகக் கழற்றலாம்' என்பதற்கும் 'கழற்றவே வேண்டாம்' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். அமெரிக்காவில் மேஜையோடு வருகிற 'டேபிள் ஸா' மிஷின்களின் கவர்கள் முன்பு ஸ்பானர் போட்டுக் கழற்றுகிறவையாக இருந்தன. ஒருமுறை கழற்றினால் திரும்ப மாட்ட மாட்டார்கள். 2010 வாக்கில் அங்கே தர விதிகளை மாற்றி, கருவி இல்லாமலே கழற்றி மாட்டுகிற கவர்களைக் கொண்டுவந்தார்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் சுலபமாகக் கழற்ற முடிந்ததைச் சுலபமாகக் கழற்றியே வைக்கவும் முடியுமே! அப்படி வைப்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். அந்த நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீட்டில், டேபிள் ஸா பிளேடில் கை பட்டு அவசர சிகிச்சைக்குப் போகிறவர்கள் வருஷத்துக்குச் சுமார் 30,000 பேர்.

ஸ்டீவ் காஸ் என்ற அமெரிக்கர் இதற்கு வேறு வழி கண்டுபிடித்தார். விரல் பட்டதும் உடம்பின் மின் தன்மையை உணர்ந்து, ஒரு அலுமினியக் கட்டை பிளேடில் பாய்ந்து நொடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு நேரத்துக்குள் அதை நிறுத்திவிடும். 'ஸா ஸ்டாப்' என்ற பெயரில் 2004 முதல் விற்பனைக்கு வந்தது. கையில் கீறலோடு போகும். பிளேடும் அந்தக் கட்டையும் வீண். விலையைக் கேட்டால் நம் ஊர் மர வேலைக்காரர் அந்தப் பக்கமே போக மாட்டார்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், உங்கள் சமையலறைக்கு வாருங்கள். ஃபுட் பிராசஸர் வைத்திருக்கிறீர்களா? மூடியைச் சரியாகத் திருகிப் பூட்டாவிட்டால் ஓடவே ஓடாது. காய்கறி நறுக்குகிற மிஷினுக்கே இந்த அறிவு இருக்கிறது! மூடியைத் திறந்தால் மின்சாரம் துண்டிக்கிற அந்தச் சின்ன சுவிட்சுதான் விஷயம். என் நோயாளிக்கு அன்று சாதாரணக் கவர் இருந்திருந்தாலும் பயன்பட்டிருக்காது, பிளேடு மாற்றும்போது விரல் உள்ளேதானே இருக்கும்? கவரை ஒதுக்கினாலே மின்சாரம் அறுகிற ஏற்பாடு இருந்திருந்தால் விரல் தப்பியிருக்கும். இன்னொன்றும் உண்டு. கரண்ட் போய்த் திரும்ப வந்தால், சுவிட்சை விட்டு மறுபடி அழுத்தும் வரை ஓடாத மிஷின்கள் இப்போது கிடைக்கின்றன. மின்வெட்டுக்குப் பழகிய நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமானது வேறு என்ன?

தொழிற்சாலையில் ஓடுகிற மிஷினுக்கு வேலி போட வேண்டும் என்று 1948-லேயே இந்த நாட்டில் சட்டம் எழுதினார்கள். உங்கள் வீட்டு ஹாலுக்கு எந்த இன்ஸ்பெக்டர் வருவார்? நீங்கள்தான் அங்கே முதலாளி. இது பலருக்கு உறைப்பதில்லை.

அதனால் வேலை பேசும்போதே மிஷினைக் காட்டச் சொல்லுங்கள். "கவர் எங்கேப்பா?" என்று கேளுங்கள். அதட்டிக் கேட்காதீர்கள், அக்கறையாகக் கேளுங்கள். ஸ்பிரிங் கவர் வைத்த மிஷின் வைத்திருப்பவருக்கு நூறு இருநூறு கூடக் கொடுத்தாலும் தப்பில்லை. அந்தக் கவரில் மரத்தூளும் பிசினும் அடைத்துக்கொண்டால் ஸ்பிரிங் இறுகும். உடனே கம்பியால் கட்டி வைத்துவிடுவார்கள். தினமும் சாயங்காலம் ஒரு பிரஷ்ஷால் தட்டச் சொல்லுங்கள்.

பல வீடுகளில் நான் பார்த்தது இது. பிளக்கே இருக்காது. ஒயரின் இரண்டு முனையையும் சீவி, சாக்கெட்டில் விட்டு, தீக்குச்சி சொருகியிருப்பார்கள். அந்த சாக்கெட்டும் அடுத்த அறையில் இருக்கும்! ஒவ்வொரு பிளேடுக்கும் அவர் எழுந்து போய் அதைப் பிடுங்குவாரா? ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சுவிட்ச் வைத்தது, ஒரு பிளக். இரண்டையும் நீங்களே வாங்கி அவர் கை எட்டுகிற இடத்தில் வையுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் ஸ்பானரைத் தொடுவது என்று பேசிவையுங்கள். பேட்டரி மிஷினாக இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு. கையுறை போட்டுக்கொண்டு அறுக்கச் சொல்லாதீர்கள், சுற்றுகிற பிளேடு துணியைப் பிடித்துக் கையோடு இழுக்கும். குழந்தைகளை அந்த அறைக்கே விடாதீர்கள்.

'நாலு நாளில் முடித்துக் கொடு' என்று நெருக்காதீர்கள் என்றும் சொல்ல ஆசை. நானே கிளினிக் அலமாரிக்கு ஆயுத பூஜைக்குள் வேண்டும் என்று விரட்டியவன். அதனால் இதை அழுத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மீறி வெட்டுப்பட்டால்? காப்பித் தூள், மஞ்சள் தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். சித்த வைத்தியனே சொல்கிறேன். "மத்தன் தைலம் போட்டால் ஆறாதா டாக்டர்?" என்று ஒருவர் கேட்டார். மேலோட்டமான புண்ணுக்கு அது அருமையான தைலம். அறுந்த தசைநாணை எந்தத் தைலமும் ஒட்ட வைக்காது. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி, 108-க்குப் போன் செய்யுங்கள். விரல் துண்டாகிவிட்டால் சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசி, ஈரத் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுபோங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது, உறைந்து கெட்டுப்போகும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. எந்த ஊரானாலும் கை அறுவை சிகிச்சை செய்கிற ஆஸ்பத்திரி பக்கத்தில் எது என்று வேலை ஆரம்பிக்கும் முன்பே விசாரித்து வைப்பது நல்லது. என்னிடம் வருவதெல்லாம் அதற்குப் பிறகு, அவர்கள் அனுமதித்த பிறகு.

அந்த மூன்றாவது மாடித் தம்பி இப்போதும் செவ்வாய்க்கிழமைதோறும் வருகிறார். ஸ்பிரிங் கவர் வைத்த மிஷின் வாங்கிவிட்டார். "முதல் வாரம் எரிச்சலா இருந்துச்சுங்கய்யா, இப்ப அது இருக்கறதே தெரியல" என்கிறார். மோதிர விரல் நன்றாக மடங்குகிறது. சுண்டு விரல் உள்ளங்கையைத் தொட இன்னும் அரை அங்குலம் பாக்கி இருக்கிறது.