எழுதப்படாத இரண்டாம் இலக்கம்

சென்ற மாதம் மாங்குளம் சந்தியில் வவுனியா பஸ்ஸுக்காகக் காத்து நின்றபோது, கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர் என்னோடு பேச்சுக் கொடுத்தார். மழையிலே தொடங்கிய பேச்சு குளத்து நீருக்குச் சென்று, ஈற்றில் அரசியலில் வந்து நின்றது. வன்னியில் எந்தப் பேச்சும் அங்கேதான் வந்து நிற்கும். "ஐயா, அமெரிக்காவிலை மாதிரி இஞ்சையும் மாவட்டத்துக்கு இத்தனை வாக்கெண்டு ஒதுக்கிவிட்டால், வன்னியின்ரை குரலும் கொழும்பிலை கேக்குமெல்லே?" என்றார் அவர். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவருக்குச் சொல்ல எண்ணியதை வாசக அன்பர்களுக்குச் சொல்கிறேன்.

அமெரிக்க முறையை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். அங்கே சனாதிபதியைத் தெரிவு செய்வோர் 538 தேர்வாளர்கள். 270 பேரின் ஆதரவைப் பெற்றவர் வென்றவராவார். ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும், ஒரு வாக்கு அதிகம் பெற்றவருக்கே அம்மாநிலத்தின் தேர்வாளர் அனைவரும் சேர்ந்துவிடுவர். மேய்ன், நெப்ராஸ்கா என்னும் இரண்டு மாநிலங்கள் மாத்திரம் தொகுதிவாரியாகப் பிரித்துக் கொடுக்கின்றன. 2016 இல் நாடு முழுவதிலும் சுமார் 29 இலட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்ற ஹிலரி கிளின்டன் தோற்றது இந்த ஏற்பாட்டினாலேயே. நாடு முழுவதிலும் முன்னிற்பவருக்கே தமது தேர்வாளரை வழங்குவதென்று பல மாநிலங்கள் இன்று உடன்படிக்கை செய்துகொண்டு வருகின்றன. உடையவர்களே கழற்றி எறிய முயலும் சட்டையை நாம் அளவெடுத்துத் தைப்பதா என்பது என் முதற் கேள்வி.

ஆயினும் அளவெடுத்தே பார்ப்போம். 2024 செப்டெம்பர் 21 ஆந் திகதி நடந்த தேர்தலில், 22 தேர்தல் மாவட்டங்களுள் பதினைந்தில் அநுர குமார திசாநாயக்கவும் ஏழில் சஜித் பிரேமதாசவும் முதலிடம் பெற்றனர். யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித்துக்கும், சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் பாக்கியசெல்வம் அரியநேத்திரனுக்கும் இடையே இருந்த வேறுபாடு சுமார் நாலரையாயிரம் வாக்குகளே. அமெரிக்க முறை இங்கிருந்தால், அந்த நாலரையாயிரத்தின் பொருட்டுச் சங்குக்குக் கிடைத்த ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளும் அங்கேயே மடிந்திருக்கும். வன்னி மாவட்டத்தில் அவர் பெற்றது மூன்றாம் இடம். அவ்வாக்குகளின் கதியும் அதுவே. குரல் உயரும் என்று எண்ணிய இளைஞர், உள்ளூரிலேயே அக்குரல் அமுங்கிப் போவதை எண்ணிப் பார்க்கவில்லை.

எல்லையைப் பற்றியும் ஒரு சொல். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வடக்கே சிறிது தூரம் சென்றால் கிளிநொச்சியில் என் தங்கையின் வீடு. கிளிநொச்சியும் வன்னி நிலமே. நிருவாகத்தில் தனி மாவட்டமுங்கூட. தேர்தலுக்கோ அது யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு தொகுதி. வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் மூன்றும் சேர்ந்தது. மாவட்டத்துக்கு மாவட்டம் வாக்கைப் பொட்டலமாகக் கட்டினால், ஒரே குளத்து நீரில் வயல் செய்யும் உறவினர் இருவரின் வாக்குகள் வெவ்வேறு பொட்டலங்களிற் போய்ச் சேரும்.

இளைஞரின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. 2005 நவம்பரில் வடக்கில் புறக்கணிப்பு நிலவியது. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் நூற்றுக்கு 1.2 பேர். மகிந்த ராஜபக்ச 50.29 வீதம் பெற்று வென்றார். பாதி என்னும் கோட்டை அவர் தாண்டியது முப்பதினாயிரத்துக்கும் குறைந்த வாக்குகளால். மாவட்டப் பொட்டலம் அன்று இருந்திருந்தால், அந்த ஒருவரே மற்றைத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் சேர்த்துப் பேசியிருப்பார். அதை நன்மை என்பதா, அநீதி என்பதா? எனக்கு இன்றும் தெளிவில்லை.

இனி நம் வீட்டுப் பெட்டகத்திலேயே கிடக்கும் கருவிக்கு வருகிறேன். இலங்கைச் சட்டப்படி வாக்காளர் ஒருவருக்கு மட்டும் புள்ளடி இடலாம். அல்லது 1, 2, 3 என்று மூவரை விருப்ப வரிசையில் குறிக்கலாம். செல்லுபடியான வாக்குகளிற் பாதிக்கு மேல் எவருக்கும் கிடைக்காவிடில், முதல் இருவர் தவிர்ந்த ஏனையோர் நீக்கப்படுவர். நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் அவ்விருவருள் ஒருவருக்கு இரண்டாம் விருப்போ, அஃதில்லையேல் மூன்றாம் விருப்போ இருந்தால், அது அவர் கணக்கிற் சேரும். 1982 முதல் 2019 வரை நடந்த எட்டுத் தேர்தல்களில் இது ஒருமுறையேனும் வேண்டப்படவில்லை. 1982 இல் குமார் பொன்னம்பலத்துக்கு விழுந்த வாக்குகளில் இரண்டாம் இலக்கம் எத்தனை இருந்ததென்று எண்ணுவதற்குத் தேவையே எழவில்லை, ஜே. ஆர். ஜயவர்த்தன முதற் கணக்கிலேயே 52.91 வீதம் பெற்றுவிட்டார்.

ஒன்பதாவது தேர்தலிலே, 2024 இல், அந்தக் கருவி முதன்முறையாக வெளியே எடுக்கப்பட்டது. அநுரவுக்கு 5,634,915, சஜித்துக்கு 4,363,035, பாதி எவருக்கும் இல்லை. ஏனைய வேட்பாளர்கள் பெற்ற 3,321,666 வாக்குகளிலிருந்து இவ்விருவருக்கும் வந்து சேர்ந்த விருப்புகள் 105,264 உம் 167,867 உம் மாத்திரமே. பன்னிரண்டு சீட்டுகளுக்கு ஒன்று! ஆகவே இறுதித் தொகையான 5,740,179 வாக்குகளும் முதலில் எண்ணப்பட்ட வாக்குகளில் 43 வீதத்துக்குச் சற்று மேலேயே நிற்கின்றன. சட்டப்படி அது முழு வெற்றிதான். அதிற் குறை காண்பது என் நோக்கமன்று. முப்பது இலட்சம் வாக்காளர் இறுதித் தீர்ப்பின்போது வாயில்லாதவராய் இருந்தனர் என்பதே என் கவலை. அவர்களிற் சிலர் வேண்டுமென்றே வெற்றிடம் விட்டவர்கள். இருவரும் வேண்டாம் என்று சொல்லவே சங்குக்கு வாக்களித்தோர் வன்னியில் உண்டு. அது அவர்கள் உரிமை. ஆனால் அத்தனை பேருமா?

1969 இல் இந்தியாவில் நடந்ததை இங்கு நினைவூட்டலாம். அங்கே சனாதிபதியைத் தெரிவு செய்வோர் பாராளுமன்ற, சட்டசபை உறுப்பினர்கள். முதற் கணக்கில் வி. வி. கிரிக்கு 401,515, சஞ்சீவ ரெட்டிக்கு 313,548. பாதிக் கோட்டை இருவரும் எட்டவில்லை. மூன்றாமவரான சி. டி. தேஷ்முக் முதலியோரின் வாக்குகளில் இருந்த அடுத்த விருப்புகளை எண்ணியபோது ரெட்டிக்கு 91,879 சேர்ந்தது. கிரிக்குச் சேர்ந்ததோ 18,562. அச்சிறு தொகையே கிரியைக் கரையேற்றியது. மற்றவர்க்கு விழுந்த வாக்கின் மதிப்பிற் பத்தில் ஒன்பது பங்கு அங்கே மறுகணக்கில் உயிர் பெற்றது. வாக்களித்தவர்கள் கட்டுப்பாடான அரசியல்வாதிகள். அவர்களுக்கு இரண்டாம் இலக்கத்தின் விலை தெரியும்.

நம்மவர்க்கு ஏன் தெரியவில்லை? ஒரே சொல் இரு பொருளிற் புழங்குவதே தலையாய காரணம் என்று கருதுகிறேன். பாராளுமன்றத் தேர்தலிலும் 'விருப்பு வாக்கு' உண்டு. அது ஒரே கட்சிக்குள் மூவரைத் தெரிவது. முதலாமவர், இரண்டாமவர் என்ற வரிசை அதில் இல்லை. சனாதிபதித் தேர்தலில் விருப்பு என்பது வரிசை. 2024 இல் நான் கேட்ட மேடைப் பேச்சுகளில் இவ்வேறுபாட்டை விளக்கியவர் ஒருவருமிலர். எந்த வேட்பாளர்தான் "என்னை அடுத்து இன்னாருக்கு எழுதுங்கள்" என்று சொல்ல விரும்புவார்? சொன்னால் தம் தோல்வியைத் தாமே அறிவித்தது போலாகுமே.

பிரான்சில் உள்ளதுபோல இரண்டு வாரத்தின் பின் இரண்டாம் சுற்று வைத்துவிடலாம் என்பாரும் உளர். தெளிவான முறை, மறுக்கவில்லை. செலவு ஒருபுறமிருக்க, துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் வாக்குச் சாவடிக்கு வெயிலில் நடந்துவரும் முதியவரை இரு முறை நடக்கச் சொல்லுமுன், ஒரே நடையில் இரண்டு இலக்கம் எழுதக் கற்பிப்பது எளிதன்றோ? அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை. மாதிரி வாக்குச் சீட்டொன்றைச் சனசமூக நிலையங்களில் வைத்து, எழுதிப் பழக விட்டாற் போதும். சீட்டின் தலைப்பில் மும்மொழியிலும் ஒரு வரி விளக்கம் பெரிய எழுத்தில் இருந்தால் இன்னும் நன்று. சனாதிபதி ஆட்சிமுறையையே ஒழிப்போம் என்ற வாக்குறுதியை 1994 முதல் கேட்டு வருகிறோம். அது நிறைவேறினால் இக்கட்டுரைக்கே வேலையில்லை. நிறைவேறாவிடில் 2029 இல் மீண்டும் அந்தச் சீட்டு நம் கைக்கு வரும்.

இதை எழுதுமுன் கிளிநொச்சிக்குச் சென்று தங்கையிடம் கேட்டேன். அவள் சங்குக்கு மாத்திரம் புள்ளடி இட்டவள். "ரண்டு, மூண்டு எண்டு எழுதினால் சீட்டுப் பழுதாப் போகாதே அண்ணை?" என்றாள். போகாது என்றேன். நம்பவில்லை. சுவரில் தொங்கிய நாட்காட்டியில் முடிந்துபோன ஒரு மாதத்தின் தாளைக் கிழித்துக் கொண்டுவந்து, "எப்பிடியெண்டு எழுதிக் காட்டுங்கோ" என்று நீட்டினாள்.