வட்டிக் காசில் ஒரு தீவு

ஆறு மாதம் முன்பு, அலுவலகத்துத் தம்பி ஒருவர் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். பத்திரிகைக்கு அடியில் இன்னொரு காகிதம்.

'சார், ஒரு ஜாமீன் கையெழுத்து. பெர்சனல் லோன். ஹனிமூனுக்கு மாலத்தீவு போறோம்.'

'எவ்வளவு?'

'நாலு லட்சம். நாலு ராத்திரி. தண்ணி மேல கட்டின வீடு சார். கண்ணாடித் தரை. கீழே மீன் ஓடும்.'

நான் பி.காம். படித்தவன். எதைக் கேட்டாலும் முதலில் வட்டிதான் கண்ணுக்குத் தெரியும். 14 சதவீதம், 36 தவணை. மாதம் 13,671 ரூபாய். மொத்தம் கட்டப்போவது 4,92,156. அதாவது மீன் பார்த்த செலவு போக, வட்டி மட்டும் 92,156 ரூபாய்.

'இவ்வளவு எதுக்குப்பா?' என்றேன். அவர் சொன்ன பதில்தான் இந்த வாரக் கட்டுரை.

'மாலத்தீவுன்னாலே அப்படித்தான் சார். காசு இருக்கிறவங்க இடம்.'

அன்பான வாசகரே, நீங்களும் இப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் நம்பினேன். நடிகைகள் விடுமுறைக்குப் போய் ஊஞ்சலில் உட்கார்ந்து படம் போடும் இடம், நமக்கெல்லாம் காலண்டரில் பார்ப்பதற்கு மட்டும் என்று. இது பொய். வெறும் பொய்கூட இல்லை, நன்றாகத் திட்டமிட்டு விற்கப்படும் பொய்.

எப்படி என்று சொல்கிறேன்.

மாலத்தீவில் சுமார் 1,200 குட்டித் தீவுகள். மக்கள் வாழ்வது அவற்றில் இருநூறுக்கும் குறைவான தீவுகளில்தான். 1972-ல் முதல் ரிசார்ட் வந்தது. பெயர் குரும்பா. அவர்கள் மொழியான திவேஹியில் இளநீர்த் தேங்காய். நம்ம ஊர் 'குரும்பை'க்குச் சொந்தக்கார வார்த்தை போலத்தான் காதில் விழுகிறது. அங்கிருந்து ஒரு ஏற்பாடு வளர்ந்தது. ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். ஆள் இல்லாத தீவைக் குத்தகைக்கு எடு, விடுதி கட்டு, வெளிநாட்டுக்காரரை விமான நிலையத்திலிருந்து நேராக அங்கே கொண்டுபோய் இறக்கு. அவர் அந்த நாட்டுக் குடும்பம் ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஊர் திரும்பலாம். உள்ளூர்க்காரர் அந்தத் தீவுக்குள் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் ஒரே வழி, தட்டு தூக்கும் வேலை.

ஆக, விலை கடலுக்கு இல்லை. கடலைச் சுற்றிக் கட்டிய வேலிக்கு.

அந்த வேலிக்குள் கணக்கு எப்படி ஓடும் தெரியுமா? அறை வாடகை 100 டாலர் என்று போட்டிருந்தால் அது 100 டாலர் இல்லை. பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ். இரண்டும் சேர்ந்த தொகைக்கு, 2025 ஜூலையிலிருந்து, 17 சதவீதம் சுற்றுலா ஜி.எஸ்.டி. நூறு, நூற்று இருபத்தெட்டைத் தாண்டிவிடும். இது போக, தலைக்கு ஓர் இரவுக்கு 12 டாலர் பசுமை வரி. தூரத் தீவு என்றால் கடல் விமானம் வேறு. போக வர ஒரு ஆளுக்கு நானூறு டாலருக்கு மேல் கேட்கும் இடங்கள் உண்டு. மதியம் பசித்தால் பக்கத்துக் கடைக்கு நடந்து போக முடியாது. பக்கமும் இல்லை, கடையும் இல்லை. அவர்கள் சொன்னதுதான் விலை.

அந்தத் தட்டில் வரும் வெங்காயம் எங்கிருந்து வந்தது? பவளத் தீவில் வெங்காயமா விளையும்? 2024-25ஆம் ஆண்டுக்கு மட்டும் 35,749 டன் வெங்காயமும், 42 கோடிக்கு மேல் முட்டையும் மாலத்தீவுக்கு அனுப்ப இந்திய அரசு அனுமதி கொடுத்தது. அனுமதிக்கப்பட்ட துறைமுகங்களில் நம்ம தூத்துக்குடியும் ஒன்று. நம் ஊர் முட்டையை ஆம்லெட்டாக்கி நமக்கே டாலரில் விற்கிறார்கள். அதைச் சாப்பிட நாம் லோன் போடுகிறோம்!

சரி, வேறு வழி உண்டா? உண்டு. அந்த வழி திறந்த கதையைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தலைநகர் மாலேயிலிருந்து சுமார் 27 கிலோமீட்டரில் மாஃபுஷி என்று ஒரு தீவு. நாட்டின் பெரிய சிறை அங்கே இருக்கிறது. 2003 செப்டம்பரில் அந்தச் சிறையில் இவான் நசீம் என்ற இளைஞர் காவலர்களால் அடித்துக் கொல்லப்பட்டார். கொந்தளித்த கைதிகள்மீது துப்பாக்கிச் சூடு. மாலே தெருக்களில் கலவரம். அங்கே கிளம்பிய எதிர்ப்பு, 2008-ல் நடந்த முதல் பலகட்சி அதிபர் தேர்தலில் கயூமின் முப்பதாண்டு ஆட்சியை முடித்துவைத்தது. அடுத்து வந்த நஷீத் அரசு, மக்கள் வாழும் தீவுகளில் சாதாரணக் குடும்பங்கள் விருந்தினர் விடுதி நடத்தலாம் என்று கதவைத் திறந்தது. 2010 வாக்கில் அதை முதலில் பிடித்துக்கொண்ட தீவுகளில் ஒன்று அதே மாஃபுஷி. இன்று அங்கே கெஸ்ட் ஹவுஸ் இல்லாத தெருவைத் தேட வேண்டும்.

நானும் மனைவியும் 2019-ல் அங்கே போனோம். போய் இறங்கியது ஒரு வெள்ளிக்கிழமை. அங்கே வாராந்திர விடுமுறை. அரசாங்கப் படகு ஓடவில்லை. இதை முன்பே விசாரிக்காதது முழுக்க என் முட்டாள்தனம். மாலே படகுத்துறையில் பெட்டிமேல் உட்கார்ந்து, மனைவியின் பார்வையைச் சந்திக்காமல் மூன்று மணி நேரம் கடலைப் பார்த்தேன். பிறகு ஸ்பீட் போட்டுக்கு ஆளுக்கு 25 டாலர் அழுதேன்.

மறுநாள் காலை டீக்கடையில் மஸ் ஹுனி கொடுத்தார்கள். சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், எலுமிச்சை, மிளகாய், கூடவே ரொட்டி. ஒரு வாய் வைத்துவிட்டு, 'இது எங்கம்மா பண்ற மாசிச் சம்பல்தானே!' என்றார் என் மனைவி. தூத்துக்குடிக்காரர். மாசி அவர் வீட்டுக்கு வந்ததே இந்தத் தீவுகளிலிருந்துதான். விடுதிக்காரர் ஒரு விஷயம் சொன்னார். அவருடைய அப்பா எதிரே தெரியும் ரிசார்ட்டில் இருபது வருஷம் வேலை பார்த்தவராம். அம்மா அந்தத் தீவில் கால் வைத்ததே இல்லையாம். 'இப்போ ஏழு ரூம் இருக்கு, கணக்கு எழுதுறது அம்மாதான்' என்று சிரித்தார்.

நான் கொடுத்த வாடகை யார் வீட்டு நோட்டில் வரவு வைக்கப்படுகிறது என்று கண்ணால் பார்த்தேன். லோன் போட்டுப் போகும் தம்பிக்கு இது கிடைக்குமா?

'அதெல்லாம் சரி, வசதி குறைவுதானே?' என்பீர்கள். ஆமாம். மறைக்க மாட்டேன். ஊர்த் தீவில் மதுவுக்கு அனுமதி இல்லை. நீச்சலுடை, அதற்கென்று ஒதுக்கிய கடற்கரையில் மட்டும். ஜன்னலைத் திறந்தால் சில நேரம் அடுத்த கட்டடத்தின் சுவர் தெரியும். ஆனால் பத்து நிமிஷம் படகில் போய்த் தலையைத் தண்ணீருக்குள் விட்டால், ஆமையும் வண்ண மீனும் நீங்கள் எவ்வளவு வாடகை கொடுத்தீர்கள் என்று கேட்பதில்லை.

இப்போது கணக்கு. இருவருக்கு, நான்கு இரவு. சீக்கிரம் பதிவு செய்தால் விமானம் 44,000 ரூபாய். அறை, காலைச் சாப்பாட்டோடு 220 டாலர். பசுமை வரி சிறு விடுதிக்குத் தலைக்கு ஆறு வீதம் 48. படகு 100. சாப்பாடு 100. கடலடிப் பவளம் பார்க்கும் பயணம் 60. மொத்தம் 528 டாலர். டாலருக்கு 90 ரூபாய் வைத்தால் 47,520. விமானத்தோடு சேர்த்து 91,520 ரூபாய்.

தம்பியின் வட்டி 92,156. அந்த வட்டிக் காசிலேயே போய்வந்து, மிச்சம் 636 ரூபாய்க்குக் கொஞ்சம் மாசியும் வாங்கி வரலாம். சீசனுக்கேற்ப ஐந்தோ பத்தோ ஆயிரம் கூடும், குறையும். நாலு லட்சம் ஆகாது.

இன்னொரு கூட்டத்தையும் விட்டுவைக்க எனக்கு மனசில்லை. 'இருபதாயிரத்துல மாலத்தீவு முடிச்சேன்' என்று மார்தட்டும் சூரர்கள். ஒரு அறைக்குள் ஆறு பேர் நுழைவது, மீனவரிடம் ஒரு டாலருக்கு அரை மணி நேரம் பேரம் பேசுவது, 'காசு குடுத்துட்டோம்ல' என்று அரைகுறை உடையில் பள்ளிக்கூடத்து வாசலில் நடப்பது, பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொள்வது. இதற்குப் பெயர் சிக்கனம் இல்லை, அற்பத்தனம். ரிசார்ட்காரர் அந்த மக்களைப் பார்க்கவே மறுக்கிறார். இவர்கள் பார்த்துவிட்டு மதிக்க மறுக்கிறார்கள். கையில் காசு குறைவாக இருப்பது அடுத்தவர் பிழைப்பில் கை வைக்கும் லைசென்ஸ் கிடையாது.

உங்களிடம் பணம் கொட்டிக் கிடந்தால், தாராளமாகத் தண்ணீர் மேல் வீட்டில் படுங்கள். உங்கள் காசு, உங்கள் தூக்கம். என் சண்டை உங்களோடு இல்லை. சம்பளத்தை எண்ணிச் செலவழிப்பவர்களுக்கு, கடன் வாங்காமல் அழகைப் பார்க்க முடியாது என்று சொல்லித் தருகிறார்களே, அவர்களோடுதான். கல்யாண வாழ்க்கையின் முதல் வாரத்தைத் தவணையில் வாங்கிய ஜோடி, அடுத்த மூன்று வருஷம் ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் என்ன பேசிக்கொள்ளும் என்று எந்த விளம்பரமும் காட்டாது.

நான் கையெழுத்துப் போடவில்லை. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தம்பி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வேறு யாரோ கையெழுத்துப் போட்டார்கள்.

படங்களைக் காட்டினார். ஊஞ்சல், கண்ணாடித் தரை, மீன் எல்லாம் இருந்தது. 'அந்த ஊர் ஜனங்க எப்படிப்பா?' என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

'ரிசப்ஷன்ல ஒருத்தர் இருந்தார் சார். நேபாளம்னு நினைக்கிறேன்.'

ஐந்து தவணை கட்டியிருக்கிறார். பாக்கி முப்பத்தொன்று.