அந்தமான் ஏர்போர்ட்டும் கடைசி நாள் டிக்கெட்டும்

அந்தமான் ஏர்போர்ட் படத்தை நீங்கள் எல்லோரும் எங்காவது பார்த்திருப்பீர்கள். ஒரு பெரிய வெள்ளைச் சிப்பியைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். 2023 ஜூலை 18-ஆம் தேதி பிரதமர் திறந்து வைத்த புது டெர்மினல். செலவு சுமார் 710 கோடி ரூபாய், பரப்பு சுமார் 40,800 சதுர மீட்டர், வருஷத்துக்கு 50 லட்சம் பேர் வந்து போகலாம் என்று கணக்கு. (திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, வெளிப்பக்கம் ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பகுதி காற்றில் கழன்று விழுந்தது. விடுங்க, நம்ம மேட்டர் அது இல்லை.)

எனக்கு இடிப்பது அந்த 50 லட்சம் என்ற எண்தான். 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபார் முழுவதற்கும் மக்கள் தொகை 3.8 லட்சம். ஆக, இந்த ஏர்போர்ட் யாருக்காகக் கட்டப்பட்டது என்று கேட்க பி.காம். படிக்க வேண்டிய அவசியமில்லை. ராதாநகர் பீச்சில் செல்ஃபி எடுக்க வருகிறவர்களுக்கு. அதில் தப்பு ஒன்றும் இல்லை. டூரிஸ்ட் வந்தால்தான் ஹோட்டல், ஆட்டோ, படகு எல்லாம் ஓடும். ஆனால் அதே கதவு வழியாகத்தான் அந்த 3.8 லட்சம் பேரும் ஆஸ்பத்திரிக்கும், காலேஜுக்கும், கல்யாணத்துக்கும், சாவுக்கும் வெளியே வர வேண்டியிருக்கிறது. அவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் முன்கதை. போர்ட் பிளேரின் ரன்வே கடற்படையோடது. ஐ.என்.எஸ். உத்க்ரோஷ் என்று பெயர், 1985-ல் தொடங்கியது. நாம் டிக்கெட் எடுத்துப் போகிற இடம் அந்தத் தளத்தின் ஓரத்தில் பொதுமக்களுக்கு ஒதுக்கிக் கொடுத்த பகுதி. 2002-ல் வீர் சாவர்க்கர் பெயர் வைத்தார்கள். பெயர்ப் பலகையில் 'சர்வதேச' என்ற வார்த்தை பல வருஷமாக இருந்தாலும், கோலாலம்பூரிலிருந்து ஏர்ஏசியா நேரடி விமானம் வந்து இறங்கியது 2024 நவம்பரில்தான். அதற்கு இரண்டு மாதம் முன்னால், செப்டம்பரில், ஊர் பெயரையே ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள். சோழர்களின் கடற்படைத் தளமாக இருந்த தீவு என்பதையும் அப்போது சொன்னார்கள். ராஜேந்திர சோழன் 1025-ல் படையெடுத்துப் போய் அடித்தது ஸ்ரீவிஜயப் பேரரசைத்தான்! எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் இருக்கிற கங்கைகொண்ட சோழபுரத்தில் யாராவது இதைக் கேட்டால் சிரிப்பார்கள் :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

நெய்வேலிக்காரனுக்கு அந்தமான் மேல் என்ன அக்கறை என்று நினைக்கலாம். அந்தத் தீவுகளில் 2011 கணக்குப்படி தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 15 சதவீதம். ஐம்பத்தேழாயிரம் பேருக்கு மேல். கச்சால் தீவில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை ரப்பர் தோட்டத்தில் குடியேற்றிய கதை தனி. நம் பக்கத்திலிருந்தும் கொத்தனார் வேலை, டைல்ஸ் வேலை, மளிகைக் கடை என்று போனவர்கள் உண்டு. என் வகுப்புத் தோழன் ஒருவனின் அப்பா அப்படித்தான் அங்கே டைல்ஸ் ஒட்டுகிறார். வருஷத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் கப்பலில், ஊருக்கு வருவார்.

போன வருஷம் டிசம்பர் கடைசி வாரத்தில் அவனுடைய ஆயா இறந்துபோனார். பையன் அன்றைக்கு ராத்திரி எல்லாம் செல்போனில் டிக்கெட் தேடிக்கொண்டிருந்தான். சென்னைக்கு நேரடி விமானத்தில் சீட் இல்லை. பெங்களூர் சுற்றி வருகிற ஒன்றில் இருந்தது. அதன் விலை அவன் அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. கப்பல் இரண்டு நாள் முன்னால்தான் கிளம்பிப் போயிருந்தது. "அப்பாவுக்கு சீட்டு இருக்குடா, காசுதான் இல்ல" என்று சொன்னான். பெற்ற தாய்க்குக் கொள்ளி வைத்தது சித்தப்பா. அவன் அப்பா கருமாதிக்குத்தான் வந்து சேர்ந்தார், அதுவும் அடுத்த கப்பலைப் பிடித்து.

இதைக் கேட்டதும் எல்லோரும் திட்டுவது விமானக் கம்பெனியை. நான் கொஞ்சம் வேறு மாதிரி யோசிக்கிறேன். கம்பெனி தன் வேலையைத்தான் செய்கிறது. எகனாமிக்ஸ் பேப்பரில் நமக்கு ஒரு பாடம் உண்டு, ஞாபகம் இருக்கிறதா? ஒரே பொருளை ஆளுக்கு ஒரு விலையில் விற்பது. விமான டிக்கெட் அதற்கு முதல் உதாரணம். முன்கூட்டியே வாங்குகிறவனுக்கு மலிவு, கடைசி நாளில் வாங்குகிறவனுக்குக் கொள்ளை விலை. காரணம் எளிது. டிசம்பர் லீவுக்குப் போகிறவன் ஜூலையிலேயே திட்டம் போடுவான், விலை ஏறினால் "கோவா போகலாம்" என்று மாறிவிடுவான். கடைசி நாளில் வாங்குகிறவனுக்கு வேறு வழி இருக்காது. டெல்லி–மும்பை மாதிரி ரூட்டில் அந்தக் கடைசி நாள் ஆள் ஏதோ கம்பெனி மேனேஜர், காசு ஆபீஸ் கொடுக்கும். போர்ட் பிளேர் ரூட்டில் அந்த ஆள் யார்? நெஞ்சு வலி என்று சென்னைக்குப் போகச் சொல்லப்பட்ட பெரியவர். கவுன்சிலிங் தேதி திடீரென்று வந்த பிளஸ் டூ பெண். அம்மா செத்த டைல்ஸ் தொழிலாளி.

அதாவது லீவுக்குப் போகிறவனுடைய மலிவு சீட்டுக்கு, அவசரத்துக்குப் போகிற தீவுக்காரன் காசு போடுகிறான். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. விலை போடுகிற சாஃப்ட்வேருக்கு யார் டூரிஸ்ட், யார் தீவுவாசி என்று தெரியாது, அவ்வளவுதான்.

இன்னொரு கூத்து. மத்திய அரசு ஊழியர்கள் எல்.டி.சி.யில் அந்தமானுக்கு விமானத்தில் சுற்றுலா போக ஒரு சிறப்புச் சலுகை இருக்கிறது, பல முறை நீட்டித்திருக்கிறார்கள். தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் லீவுக்குப் போகிறவருக்கு அரசாங்கமே விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறது, அங்கேயே குடியிருக்கிற கூலித் தொழிலாளி சொந்தக் காசில் அதே சீட்டுக்குப் போட்டி போட வேண்டியிருக்கிறது.

"மார்க்கெட் தீர்மானிக்கட்டும், அரசாங்கம் தலையிட்டால் விமானமே வராது" என்று எங்கள் கேங்கில் ஒருவன் வாதாடுவான். அவன் சொல்வதில் பாதி உண்மை. டூரிஸ்ட்டை நம்பித்தான் இத்தனை விமானங்கள் அங்கே போகின்றன. மழைக்காலத்தில் சீட் காலியாக ஓட்டுகிற நஷ்டத்தை டிசம்பரில்தான் எடுக்க முடியும். டூரிஸ்ட்டே இல்லாவிட்டால் தீவுக்காரனுக்கு வாரத்துக்கு இரண்டு விமானம்தான் மிஞ்சும். ஆனால் மார்க்கெட் என்றால் வேண்டாம் என்று சொல்ல வழி இருக்க வேண்டும். தீபாவளிக்கு ஆம்னி பஸ்காரர் விலையை ஏற்றினால் நாம் திட்டிக்கொண்டே அரசு பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறோம், இல்லையென்றால் விருத்தாசலத்தில் ரயில் ஏறுகிறோம். அந்த அரசு பஸ் இருப்பதால்தான் ஆம்னி பஸ்காரருக்கும் ஒரு எல்லை. அதையும் மீறினால் போக்குவரத்துத் துறை செக்கிங் போடுகிறது. தீவில் இருப்பவனுக்கு அரசு பஸ் எது? சென்னையிலிருந்து 1,190 கிலோமீட்டர் கடல். கப்பல்தான் அவனுடைய அரசு பஸ். மூன்று நாள் ஓடும், மாதத்துக்குச் சில தடவைதான் கிளம்பும்.

தலையிட முடியாது என்பதும் சும்மா. கொரோனா சமயத்தில் 2020 மே மாதத்திலிருந்து 2022 ஆகஸ்ட் வரை உள்நாட்டு விமானக் கட்டணத்துக்கு அரசாங்கம் வரம்பு வைத்திருந்தது. 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி மற்ற கட்டணங்கள் தாறுமாறாக ஏறியபோது, சில நாட்களிலேயே தூரத்துக்கு ஏற்ப உச்சவரம்பு போட்டார்கள். 1,000 முதல் 1,500 கிலோமீட்டர் வரை 15,000 ரூபாய் என்று. டெல்லியிலும் மும்பையிலும் ஜனங்கள் ஏர்போர்ட்டில் உட்கார்ந்து கத்தியபோது ஒரே வாரத்தில் முடிந்த காரியம் அது. தீவுக்காரன் கத்தினால் கடல் தாண்டிக் கேட்பதில்லை போலும்.

எல்லோருக்கும் சேர்த்து நிரந்தரமாக வரம்பு போடுவதை நான் ஆதரிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்படிப் போட்டால் லாபம் அந்த டூரிஸ்ட்டுக்குத்தான். மலிவு விலையில் அவனே முன்கூட்டி எல்லா சீட்டையும் வாங்கிவிடுவான், கடைசி நாளில் வருகிறவனுக்கு எந்த விலையிலும் சீட் இருக்காது.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்று தேடினேன். ஸ்பெயினில் கேனரி தீவுகள், பலேரிக் தீவுகள் என்று ஐரோப்பாக்காரர்கள் குவிகிற இடங்கள் உண்டு. அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு விமான டிக்கெட்டில் தள்ளுபடி, பணத்தை அரசாங்கம் கம்பெனிக்குக் கொடுத்துவிடும். முன்பு 50 சதவீதமாக இருந்தது, 2018-ல் பெருநிலத்துக்குப் போகிற விமானங்களுக்கும் 75 சதவீதம் ஆனது. கேட்க இனிக்கிறது. ஆனால் காமர்ஸ் மூளையோடு பாருங்கள். நூறு ரூபாய் டிக்கெட்டில் 75-ஐ அரசாங்கம் கொடுக்கும் என்று தெரிந்தால், கம்பெனி நூறை நூற்றி இருபது ஆக்கத் தயங்குமா? தீவுக்காரனுக்கு ஐந்து ரூபாய்தான் கூடும், அவன் சத்தம் போடமாட்டான். மீதி பதினைந்து வரிப்பணத்திலிருந்து போகும். அதனால் சதவீதத் தள்ளுபடி நமக்கு வேண்டாம்.

எனக்குச் சரியென்று படுவது இது. போர்ட் பிளேர் ரூட்டில் ஓடுகிற ஒவ்வொரு விமானத்திலும் பத்து சீட், தீவுவாசிகளுக்கு மட்டும், வருஷம் முழுக்க ஒரே விலையில். கிளம்புவதற்கு முந்தின நாள் வரை அதை வேறு யாருக்கும் விற்கக் கூடாது. விலையை ரூபாயில் எழுத வேண்டும், சதவீதத்தில் இல்லை. கம்பெனிக்கு ஏற்படுகிற இழப்பை ஈடு செய்ய வேண்டும்.

யார் தீவுவாசி என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். அது ஏற்கெனவே முடிந்த வேலை. கப்பலில் தீவுவாசிக்கு ஒரு கட்டணம், வெளியூர்க்காரருக்கு ஒரு கட்டணம் என்று இருக்கிறது. தீவுக்குத் தீவு பறக்கிற ஹெலிகாப்டரிலும் அப்படியே. அடையாள அட்டை பையில் இருக்கிறது. கப்பல் கவுன்டரில் செல்லுபடியாகிற அட்டை சிப்பி ஏர்போர்ட்டில் செல்லாக் காசு. என் நண்பனின் அப்பா மாதிரி வேலைக்குப் போனவர்களையும் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. இத்தனை வருஷம் வசித்தால் போதும் என்று ஒரு விதி எழுதினால் முடிந்தது.

பணம்? ஒரு தோராயக் கணக்கு போடுவோம். ஒரு சீட்டுக்கு இழப்பு 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், வேண்டுமென்றே அதிகமாக வைக்கிறேன். பத்து சீட்டுக்கு ஒரு லட்சம். 180 சீட் விமானத்தில் மீதி 170 பேரிடமிருந்து வசூலித்தால் தலைக்கு 600 ரூபாய்கூட வராது. அரசாங்கமே கொடுப்பதாக இருந்தால், நாளைக்கு 20 விமானம் என்று வைத்து வருஷத்துக்கு 73 கோடி. டெர்மினல் கட்டின செலவில் பத்தில் ஒரு பங்கு. அதுவும் வருஷம் முழுக்க டிசம்பர் விலை இருக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. ஆகஸ்டில் பாதிகூட வராது.

இப்படி இழப்பை ஈடு செய்கிற வழி புதுசும் இல்லை. 2016-ல் கொண்டு வந்த உடான் திட்டம் இதுதானே? ஒரு மணி நேர விமானத்துக்கு 2,500 ரூபாய் என்று பாதி சீட்டுக்கு விலை வைத்து, நஷ்டத்தை அரசு கொடுக்கும், அதற்காக மற்ற பெரிய ரூட்களில் ஒரு வரி. 2017 மார்ச்சில் வந்த முதல் பட்டியலிலேயே சேலத்தோடு நெய்வேலி பெயரும் இருந்தது. சேலத்துக்கு 2018-ல் விமானம் வந்துவிட்டது. எங்கள் ஊர் ரன்வேயில் நான் இதுவரை ஒரு பயணி விமானத்தையும் பார்த்ததில்லை. ஒரு காலத்தில் வாயுதூத் வந்து போனது என்று பெரியவர்கள் சொல்வதோடு சரி. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பெரிய வருத்தமும் இல்லை. டவுன்ஷிப்பிலிருந்து சென்னைக்கு ஐந்து மணி நேரத்தில் பஸ்ஸே போய்விடும். ரோடும் ரயிலும் இருக்கிற எங்களுக்கு விமானத்தில் சலுகை கொடுக்க யோசித்தவர்கள், ரோடே போட முடியாத இடத்தில் குடியிருப்பவர்களுக்கு இன்னும் தாராளமாக யோசித்திருக்கலாம்.

நேற்று சும்மா ஒரு விமானக் கம்பெனியின் தளத்தைத் திறந்து பார்த்தேன். டிக்கெட் தேடுகிற இடத்துக்குக் கீழே வரிசையாகக் குட்டிக் கட்டங்கள். மாணவர், மூத்த குடிமக்கள், ராணுவத்தினர், டாக்டர்-நர்ஸ். டிக் அடித்தால் கட்டணம் கொஞ்சம் குறையும். 'தீவுவாசி' என்று ஒரு கட்டம் சேர்க்க அந்த ஆபீஸில் இருக்கிற சாஃப்ட்வேர் பையனுக்கு ஒரு மத்தியானம் போதும்.