ஆணி இல்லாத பொட்டி

ஆபீஸ்ல ஆணி புடுங்குறோம்னு நாம சொல்லிக்கிட்டாலும், நிஜமாவே திருப்புளியைக் கையில எடுத்து ஒரு பொட்டியைக் கழட்டிப் பார்க்கறவங்க நம்மள்ல கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேருக்கும் வேலை வைக்கக் கூடாதுன்னே செஞ்ச மாதிரி இருக்கு இந்த ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டருங்க. அடிபட்டதைக் கழட்டி சரி பண்ண முடியுமான்னு கேட்டா, அது எந்த வருஷத்துப் பொட்டின்னுதான் நான் முதல்ல கேப்பேன். ஐமேக்கையே எடுத்துக்குங்க.

2004-ல வந்த ஐமேக் ஜி5-ஐ துணி விரிச்சு குப்புறப் படுக்க வச்சு, அடியில இருக்கற மூணு திருகாணியைத் தளர்த்தினா முதுகு அப்படியே கழண்டு வந்துடும். பாகங்களை எப்படி மாத்துறதுன்னு ஆப்பிளே விளக்கம் கொடுத்திருந்தது. 2009 கடைசியிலேர்ந்து 2011 வரைக்கும் வந்த மாடல்கள்ல முன்பக்கக் கண்ணாடியைப் பிடிச்சிருந்தது வெறும் காந்தம். ரப்பர் உறிஞ்சி ரெண்டை ஒட்டி இழுத்தா கையோட வந்துடும். பின்னாடி எல்சிடியைப் பிடிச்சிருக்கறது டார்க்ஸ் திருகாணி. கண்ணாடி உடைஞ்சா கண்ணாடியை மட்டும் மாத்தலாம்.

2012 கடைசியில கதை மாறிடுச்சு. ஓரம் 5 மில்லிமீட்டர்தான்னு பெருமையா வந்த மாடல்ல கண்ணாடியும் எல்சிடியும் ஒரே துண்டு. அதை உடம்போட பிடிச்சிருக்கறது பசை நாடா. திரையைக் கழட்ட ஒரு ஆணிகூட கிடையாது! பீட்சா வெட்டுற சக்கரம் மாதிரி ஒண்ணை இடுக்குல விட்டு ஓரமா ஓட்டிப் பசையை அறுக்கணும். மேல நடுவுல கேமரா, அங்க அழுத்தினா போச்சு. திரையை வெடுக்குனு தூக்கினா கேபிள் கிழியும். உள்ள பவர் சப்ளை மூடி இல்லாம இருக்கு. ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டர்ல மின்சாரம் தங்கியிருக்கலாம். திரும்ப மூட புதுப் பசை நாடா வேணும். ஏற்கெனவே விரிசல் விட்ட திரைன்னா, அறுக்கும்போதே விரிசல் இன்னும் ஓடும். முழுத் திரையையும்தான் மாத்தணும்.

இத்தனைக்கும் 21.5 இன்ச் பொட்டியில, 2019 மாடல் வரைக்கும், ஆரம்ப விலைக்குக் கிடைச்சது நிமிஷத்துக்கு 5,400 சுத்து சுத்துற ஹார்ட் டிஸ்க். சுத்துறது என்னிக்காவது நிக்கும்னு தெரிஞ்சும் அதைப் பசை போட்டு மூடினாங்க. 27 இன்ச்ல மட்டும் ராம் மாத்த முதுகுல சின்னதா ஒரு கதவு வச்சாங்க. ஆக, கதவு வைக்கத் தெரியாம இல்லை.

"மெலிசா வேணும்னா ஒட்டித்தானே ஆகணும்?"னு கேப்பீங்க. தோள்ல மாட்டித் திரியற லேப்டாப்புக்கு அது நியாயம். மேசையை விட்டு நகராத பொட்டியோட ஓரத்தை யாருங்க பக்கவாட்டுல போய்ப் பார்க்கறாங்க? கண்ணாடியை எல்சிடியோட சேர்த்ததால பிரதிபலிப்பு குறைஞ்சது, நடுவுல தூசி போகாது. அது நிஜமான நன்மைதான், ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு அந்தத் துண்டை உடம்போட ஒட்ட வேண்டிய அவசியம் என்ன?

எனக்குப் பெரிய வருத்தம் இதுதான். ஒரு பொட்டிக்குள்ள எல்லாப் பாகத்துக்கும் ஒரே ஆயுசு கிடையாது. டிஸ்க் சீக்கிரம் போகும், நல்ல திரை ரொம்ப வருஷம் உழைக்கும். எல்லாத்தையும் ஒட்டிட்டா, முதல்ல சாகறதோட ஆயுசுதான் மொத்தத்துக்கும். திரையையாவது தனி மானிட்டரா வச்சுக்கலாம்னா, அந்த வசதி 2009-லேர்ந்து 2014 வரைக்கும் வந்த சில மாடல்களோட முடிஞ்சுது. 2014-ல வந்த 5கே மாடல்லயே அது இல்லை. அருமையான திரை, செத்துப்போன மதர்போர்டோட சேர்ந்து உடன்கட்டை ஏறுது.

அதனால ஒட்டின பொட்டியில டிஸ்க் மட்டும் போயிருந்தா அறுக்க அவசரப்படாதீங்க. வெளியிலேர்ந்து ஒரு எஸ்எஸ்டியைச் சொருகி அதுலயே பூட் பண்ணிக்கலாம். திரை மட்டும் உடைஞ்சிருந்தா வேற மானிட்டரை இணைச்சுக்கலாம். அடுத்து புதுசா ஒண்ணு வாங்கும்போது எவ்வளவு மெலிசுன்னு கேக்காதீங்க. திறக்க எத்தனை ஆணின்னு கேளுங்க. 'ஒண்ணுமே இல்லை'ன்னு பதில் வந்தா, அந்த விலைக்கு நீங்க வாங்கறது பொட்டியை இல்லை, அதோட முதல் ரிப்பேர் வரைக்குமான வாடகை :-)