துவைகல்லுக்குப் பகவானைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்

திருவண்ணாமலை ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடுகளை வாடகைக்கு விடும் பெரியவர் ஒருவர், இரண்டு பக்க அறிக்கை அச்சடித்துக் குடியிருப்போருக்குக் கொடுத்திருக்கிறார். இனி அவர் வீடுகளில் வாஷிங் மெஷின் கூடாது. பகவான் ரமணர் எளிமையாக வாழ்ந்த இடத்தில் அது ஆடம்பரம், மெஷின் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கிறது, கையால் துவைப்பது உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்று மூன்று காரணம் சொல்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்து தங்குபவர்கள் சிலர் துணி உலர்த்தவும் மெஷின் வாங்குவதைக் காட்டி, துவைக்கிற மெஷினையும் அதே கூண்டில் நிறுத்துகிறார். இரண்டாவதும் மூன்றாவதும் விவரம் தெரியாமல் சொன்னவை. முதலாவது அநியாயம். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1896 செப்டம்பர் 1-ஆம் தேதி இந்த ஊருக்கு வந்த அன்றே வேட்டியைக் கிழித்துக் கோவணமாக்கிக்கொண்டவர் ரமணர். 1950 ஏப்ரல் 14-இல் மறையும் வரை அவர் உடை என்றால் அந்தக் கோவணமும் ஒரு சிறு துண்டும்தான். கோவணம் கிழிந்தபோது முள்ளை ஊசியாக்கி, அந்தத் துணியிலிருந்தே நூல் பிரித்துத் தாமே தைத்துக்கொண்டார் என்று அன்பர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். விடியுமுன் எழுந்து ஆசிரமச் சமையலறையில் காய் நறுக்கினார், சட்னி அரைத்தார். பந்தியில் தமக்கென்று தனியாக எதுவும் வைக்கவிடவில்லை. தம் எளிமையின் பாரத்தை அவர் இன்னொருவர் தோளில் ஏற்றியதே இல்லை. ஐந்து பேர் குடும்பத்தின் படுக்கை விரிப்பும் ஜீன்ஸும் பள்ளிச் சீருடையும் ஒரு பெண்ணின் முன்னால் மலையாகக் குவிய, அவளிடம் போய் "பகவானைப் பார்" என்று சொல்வதற்கு அந்த வாழ்க்கையில் எந்த இடத்தில் ஆதாரம் இருக்கிறது? எளிமை வேண்டும் என்றால் துணியைக் குறைக்கச் சொல்லுங்கள். குவியல் அப்படியே இருக்கட்டும், குனிகிறவள் குனியட்டும் என்பதை எளிமை என்று எழுத உங்களுக்கு உரிமை கிடையாது.

அறிக்கையை எழுதிய கை துணி துவைத்த கை இல்லை. அவர் வீட்டுத் துணியைத் துவைக்க ஒரு அம்மா தினமும் வருகிறார், தெருவுக்கே தெரியும். இந்தப் பகுதியில் பல வீடுகளில் அப்படித்தான். அடி அண்ணாமலை, அத்தியந்தல் பக்கமிருந்து காலையில் வரும் பெண்கள் மூன்று நான்கு வீடு முடித்துவிட்டுப் போய்த் தங்கள் வீட்டுத் துணிக்கு உட்காருகிறார்கள். அவர்களுடைய விரலிடுக்கில் சோப்புத்தூள் அரித்த வெடிப்பைப் பார்த்த யாரும் "உடம்புக்கு நல்லது" என்று அச்சில் ஏற்ற மாட்டார்கள்.

நம் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் கையால்தானே துவைத்தார்கள் என்ற வரியும் அதில் இருக்கிறது. யாருடைய பாட்டன்? வசதியும் சாதியும் வாய்த்த வீடுகளின் அழுக்கை வண்ணார் தலைச்சுமையாக ஆற்றுக்கும் குளத்துக்கும் எடுத்துப் போனார்கள். அந்த வண்ணாரும் துவைக்க மறுத்த தலித் மக்களின் துணியைப் புதிரை வண்ணார் துவைத்தார்கள், கூலியாகச் சோறு வாங்கினார்கள். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவல் 1994-இல் வந்தது. அதில் வரும் புதிரை வண்ணார்ப் பெண் ஆரோக்கியத்தின் வாழ்க்கையைப் படித்த பிறகும் கையால் துவைத்த காலத்தைப் பொற்காலம் என்று ஒருவர் சொன்னால், அவர் அந்தப் புத்தகத்தைப் படிக்கவே இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

ஆடம்பரம் என்ற சொல்லுக்கு வருவோம். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடம் அதற்குக் கொடுக்கிறாள். அந்த வேலையில் கைவைக்கும் ஆண் கொடுப்பது 88 நிமிடம். ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவப் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2010-இல் வாஷிங் மெஷினைப் பற்றியே ஒரு முழுச் சொற்பொழிவு ஆற்றினார். மெஷின் வந்த பிறகுதான் தன் அம்மா தன்னை நூலகத்துக்குக் கூட்டிப்போனாள் என்றார். தமிழ்நாட்டில் 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் அ.தி.மு.க. இலவச வாஷிங் மெஷின் வாக்குறுதி கொடுத்தது. அந்தக் கட்சி தோற்றது. ஆனால், ஓட்டுக் கேட்கப் போகிறவர்களுக்கே இந்த வீட்டு முற்றத்தில் வலி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. பக்கத்துத் தெருவில் வாழும் வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை.

இனி தண்ணீர். கவலை நியாயமானது. இது கெட்டிப் பாறை பூமி. போர் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணிதான், சாத்தனூர் அணைத் தண்ணி குழாயில் வரும் நாளைப் பார்த்துத் தொட்டியை நிரப்பும் வீடுகள்தான் அதிகம். அப்படியிருக்க, கணக்குப் போடாமல் பழி மட்டும் போட்டிருக்கிறார். ஆறேழு கிலோ துணியைக் கையால் துவைக்க, ஊறவைக்க இரண்டு பக்கெட், மூன்று முறை அலச ஆறேழு பக்கெட். பக்கெட்டுக்கு 15 லிட்டர் வைத்தாலும் 120-க்குக் குறையாது. குழாயைத் திறந்துவிட்டு அலசினால் அளவே கிடையாது. அதே துணிக்கு ஃப்ரண்ட் லோட் மெஷின் 50 முதல் 80 லிட்டர் எடுக்கும், டாப் லோட் 100 முதல் 150 வரை. செமி ஆட்டோமேட்டிக்கில் அலசும் தண்ணியை நாமே நிறுத்தலாம், ஒரு முறை விட்ட தண்ணியில் அடுத்த துணியையும் போடலாம். தண்ணீரைக் காரணம் காட்டித் தடை போட்டவர், தண்ணீர் மிச்சமாகும் வழியைத்தான் அடைத்திருக்கிறார்.

அவர் சொல்லியிருக்க வேண்டியது வேறு. எந்த மெஷின் இந்த வீடுகளுக்குப் பொருந்தும் என்று சொல்லியிருந்தால் குடியிருப்போருக்கு உபயோகமாக இருந்திருக்கும். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். தரைத்தள வீட்டின் மொட்டைமாடித் தொட்டிக்கும் மெஷினின் குழாய்க்கும் உயர வித்தியாசம் மூன்று மீட்டர் இருந்தால் பெரிது, அதாவது 0.3 பார். ஃப்ரண்ட் லோட் மெஷின்களின் கையேடுகள் மாடலைப் பொறுத்துக் குறைந்தபட்சம் 0.3-லிருந்து 1 பார் வரை கேட்கின்றன. கடையில் பளபளப்பைப் பார்த்து வாங்கி வந்தால் தண்ணீர் ஏறாமல் பாதியில் நின்று எரர் காட்டும், இல்லையென்றால் பிரஷர் பம்ப் வைக்க வேண்டும். இன்னொன்று உப்பு. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். போர் தண்ணியைச் சோதித்து, 600-ஐ நெருங்குகிறது என்று தெரிந்தால் சுடுதண்ணீர்த் துவைப்பை மறந்துவிட வேண்டும். சூட்டில்தான் சுண்ணாம்பு ஹீட்டரில் படியும். குளிர்ந்த தண்ணீரில் துவைத்து, அவ்வப்போது சிட்ரிக் ஆசிட் போட்டு வெறும் மெஷினை ஓடவிட்டு, குழாய் முனையிலுள்ள வலையைக் கழுவினால் பல வருஷம் உழைக்கும். தரைத்தளம், உப்புத் தண்ணி, மாத வருமானக் குடும்பம் என்றால் என் சிபாரிசு செமி ஆட்டோமேட்டிக். பக்கெட்டில் மொண்டு ஊற்றியும் ஓட்டலாம், மெக்கானிக் கிடைப்பார், விலையும் ஃப்ரண்ட் லோடில் பாதிகூட வராது. மேலே தொட்டி உயரமாக இருந்து, நல்ல தண்ணியும் வரும் வீடு என்றால் ஃப்ரண்ட் லோட் தாராளமாக வாங்கலாம்.

உலர்த்தும் மெஷின் வேறு விஷயம். அதை இதோடு சேர்த்து முடிச்சுப் போட்டதில்தான் அறிக்கையின் வாதம் அடியோடு சரிகிறது. துவைக்கும் மெஷின் ஒரு மனுஷியின் முதுகை விடுவிக்கிறது. உலர்த்தும் மெஷின் வெயில் செய்யும் வேலையைச் செய்கிறது, அந்த வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. பிழிந்த பிறகும் ஆறு கிலோ பருத்தித் துணியில் மூன்றரை லிட்டர் தண்ணீர் தங்கும். ஒரு லிட்டரை ஆவியாக்கவே 0.63 யூனிட் வேண்டும் என்பது இயற்பியல். ஆக 2.2 யூனிட்டுக்குக் குறையாமல், சாதாரண ட்ரையரில் 3 யூனிட்டுக்கு மேல், ஒரு தடவைக்கே போய்விடும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடும் என்பது வீட்டுக்காரருக்கும் தெரியும். ஹீட் பம்ப் வகை பாதி மின்சாரத்தில் முடிக்கும், ஆனால் விலை அதிகம். துவைத்து உலர்த்தும் இரண்டும் ஒன்றான மெஷின் நமக்கு ஆகவே ஆகாது. துவைத்த துணியில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் அதில் உலராது, மீதியை வெளியே எடுக்க வேண்டும். பல மாடல்கள் ஆவியைக் குளிர்விக்கவே கூடுதலாகத் தண்ணீர் எடுக்கும். குரங்கு கொடியிலிருந்து இழுத்துப் போடும் என்றால் கம்பி வலை அடியுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் நன்றாகச் சுழற்றிப் பிழிந்து, ஃபேனுக்கடியில் காயவைக்கலாம். படுக்கையில் கிடக்கும் முதியவரின் விரிப்பை மழைக்காலத்தில் தினமும் மாற்ற வேண்டிய வீடுகள் உண்டு. அவர்கள் ஹீட் பம்ப் ட்ரையர் வாங்கினால் அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது.

ஐயா, நீங்கள் தேவையில்லாததைக் காட்டித் தேவையானதைத் தடுத்திருக்கிறீர்கள். வாடகை ஒப்பந்தத்திலிருந்து அந்த நிபந்தனையை எடுத்துவிடுங்கள். தண்ணீர்தான் உண்மையான கவலை என்றால் வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் வையுங்கள். மெஷின் வைத்தவர், வைக்காதவர், வாரம் இரண்டு முறை வாசலில் கார் கழுவுபவர் எல்லோருக்கும் ஒரே கணக்கு. போர் தண்ணியைச் சோதனைக்குக் கொடுத்து, வந்த எண்ணை வாசலில் ஒட்டுங்கள். அடுத்த அறிக்கை எழுதுமுன் உங்கள் வீட்டுத் துணியைத் துவைக்க வரும் அம்மாவிடம் அதைப் படித்துக் காட்டுங்கள்.