மேப்பில் மேடு கிடையாது

ஆபீசில் உட்கார்ந்து ரூட் போடுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம். மேஜை சமமாக இருக்கும். மேஜை மேல் விரித்த மேப்பும் சமம். இப்போது மேப் செல்போனுக்குள் போய்விட்டது. அதுவும் சமம்தான். மதுரையிலிருந்து கொச்சிக்கு விரலை இழுத்தால் தேனி, போடி, மூணாறு என்று ஒரே இழுப்பு. நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை என்று ஒரு சமாசாரம் நிற்பது விரலுக்குத் தெரியாது.

லாரிக்குத் தெரியும்.

"சார், போடிமெட்டு வேணாம் சார். பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு வழியா போயிடறேன்."

"அது எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் ஜாஸ்திப்பா. டீசலுக்கு யார் அழறது?"

"லோடு அப்படி சார்."

"லோடு எப்படி இருந்தா என்ன? நீயா சுமக்கப் போறே? வண்டிதானே!"

டெஸ்பாட்ச் செக்‌ஷனில் வேலை பார்க்கும் நண்பர்கள் இந்த டயலாக்கை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். யார் சொல்வது சரி? பிளஸ் டூ பிசிக்ஸ் போதும், பார்த்துவிடலாம்.

வண்டியும் சரக்குமாக 40 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் ரோடு நம் கண்ணுக்கு மேடாகவே படாது. ஆனால் சமதளத்தில் இழுப்பதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் எஞ்சின் இழுத்தாக வேண்டும். 20 மீட்டருக்கு 1 மீட்டர் என்று ஏறும் மலைப்பாதையில் ஏழெட்டு மடங்கு.

போடியிலிருந்து மூணாறு பக்கம் போக ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். 40 டன்னை 1,000 மீட்டர் தூக்க, எஞ்சின் வீணாக்கும் சூட்டையும் சேர்த்தால், 27 லிட்டர் டீசலாவது ஆகும். லிட்டருக்கு 3 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால், அதே டீசலில் சமதளத்தில் 80 கிலோமீட்டர் ஓடிவிடலாம். ஆக, மேனேஜர் மிச்சம் பிடித்ததை மலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டது.

"ஏறினா இறங்கணுமே! அப்போ டீசல் மிச்சம்தானே?" என்பார் மேனேஜர். லேசுப்பட்ட ஆளா?

மெதுவான சரிவாக இருந்தால் அவர் சொல்வது வாஸ்தவம். செங்குத்தான இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தியல்லவா இறக்க வேண்டும்! ஏற்றத்தில் செலவழித்ததெல்லாம் இறக்கத்தில் சூடாக மாறும். எவ்வளவு சூடு? 40 டன் 1,000 மீட்டர் இறங்கும்போது கிளம்பும் சூட்டில் 1,300 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். பத்தாயிரம் பேருக்குக் காபி. இதில் ஒரு பங்கை டயரும் எஞ்சினும் தாங்கும். பாக்கி பிரேக் டிரம்முக்கு. டிரம் பழுத்துவிட்டால் லைனிங்குக்குப் பிடிப்புப் போய்விடும். டிரைவர் மிதித்துக்கொண்டே இருப்பார். வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

அதனால்தான் பழைய டிரைவர்கள், ஏறுகிற கியரில்தான் இறங்க வேண்டும் என்பார்கள். சிலர் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது தற்கொலைக்குச் சமம். மிச்சமும் கிடையாது. இன்றைய எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் தானே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குக் குடிக்கும்.

கொண்டை ஊசி வளைவு இருந்தால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் இறக்கம் அகலமான தேசிய நெடுஞ்சாலை. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே லாரிகள் மோதி உயிர்கள் போயின. நல்ல ரோடு வேகத்தை மறைத்துவிடும்.

சரி, மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று ஆபீசிலிருந்தே கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. ரயில் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். ரயிலுக்கு மேடு ஆகாது. இரும்பு மேல் இரும்பு, வழுக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏற வேண்டுமென்றால் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்துக் கடித்துக்கொண்டுதான் ஏறுகிறது. பல் இல்லாமல் ரயில் எங்கே மலையைத் தாண்டுகிறதோ, அங்கே பெரும்பாலும் இயற்கையே வழி விட்டிருக்கும். பாலக்காட்டுக் கணவாய் அப்படி. கோயமுத்தூரிலிருந்து கேரளத்துக்கு மலை ஏறாமலே போய்விடலாம். நம்ம டிரைவர் கேட்டதும் அந்த வழியைத்தான்.

இதில் சமாசாரம் பிசிக்ஸோடு முடியவில்லை. பல கம்பெனிகளில் டிரிப்புக்கு இவ்வளவு என்று டீசல் காசை முதலிலேயே எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். சுற்றிப் போனால் கூடுதல் செலவு டிரைவர் பையிலிருந்து. டயமும் கட்டு. "மலையில போகாதே" என்று வாயால் சொல்லிவிட்டு, மலைவழிக்கு மட்டும் காசு கொடுத்தால் அவர் எந்த வழியில் போவார்? காசு எந்த வழியோ அந்த வழி.

ஆகவே, டெஸ்பாட்ச் நண்பரே! அடுத்த தடவை கனமான லோடு கிளம்பும்போது டிரைவரைக் கூப்பிட்டு, "எந்த ரூட்டுண்ணே நல்லது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சொல்லும் ரூட்டை டிரிப் ஷீட்டில் எழுதுங்கள். கூடுதல் 80 கிலோமீட்டருக்கான டீசலையும், கூடுதல் மூன்று மணி நேரத்தையும் அதே ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

மேனேஜர் கேட்டால் அந்தப் பத்தாயிரம் காபிக் கணக்கைச் சொல்லுங்கள்.