ஷெட்டுக்கு எத்தனை வாட்?

மாலை ஏழு மணிக்குத் திருநீர்மலை அடிவாரத் தெருக்களில் ஒருமுறை நடந்து பாருங்கள். புதிதாகக் கட்டிய வீடுகள் பலவற்றில் கீழே ஒரு கார் ஷெட் இருக்கும். பெயர்தான் கார் ஷெட். கார் உள்ள வீட்டில் கார் நிற்கும். இல்லாத வீட்டில் ஒரு ஸ்கூட்டர், இரண்டு சைக்கிள், தண்ணீர் மோட்டார், அப்பாவின் ஸ்பானர் பெட்டி, கடைக்குப் போடக் கட்டி வைத்த பழைய செய்தித்தாள்கள். கூரையின் நட்டநடுவில் ஒரே ஒரு பல்பு தொங்கும்.

சைக்கிள் செயின் கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷெட்டில் குந்தி உட்கார்ந்து, குனிந்து மாட்டுகிறீர்கள். பல்பு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. உங்கள் தலையின் நிழல் சரியாகச் செயின் மேலேயே விழுகிறது. விரல் பல்சக்கரத்தில் சிக்குவது இப்படிப்பட்ட வேளையில்தான். “வெளிச்சம் போதவில்லை” என்று வீட்டில் சொல்கிறீர்கள். மறுநாளே 9 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 50 வாட் ‘ஃபிளட் லைட்’ ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். செயின் மேல் விழுந்த நிழல் போய்விடுமா? போகாது. முன்னைவிடக் கறுப்பாகத் தெரியும், அவ்வளவுதான்.

இந்தத் தவற்றை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். ஆகவே சொல்கிறேன்: வாட்டைக் கூட்டாதீர்கள், பல்பின் இடத்தை மாற்றுங்கள்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறக்குறைய 800 லூமென் ஒளி தருகிறது. அந்நாளைய 60 வாட் இழைப் பல்பு தந்ததும் கிட்டத்தட்ட இவ்வளவே. அதில் செலவான மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாக வீணாயிற்று. இந்த 800 லூமெனும் கீழ்நோக்கி ஓர் அரைக்கோளமாகப் பரவுகிறது என்று கொள்வோம். இரண்டு மீட்டர் தொலைவில் அந்த அரைக்கோளத்தின் பரப்பு சுமார் 25 சதுர மீட்டர். 800-ஐ 25-ஆல் வகுத்தால் 32. அதாவது, ஒரு சதுர மீட்டருக்கு 32 லூமென். இதையே 32 லக்ஸ் என்கிறோம். இப்போது அதே பல்பை ஒரு மீட்டர் தொலைவுக்குக் கொண்டு வாருங்கள். பரப்பு 6.3 சதுர மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. ஒளிச்செறிவு 127 லக்ஸ்! தொலைவு பாதியானது, வெளிச்சம் நான்கு மடங்கானது. தொலைவின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் ஒளிச்செறிவு மாறும் என்று பாடத்தில் படித்தீர்களே, அந்த விதி வேலை செய்யும் இடம் இதுதான். பல்பை நகர்த்தாமல் இந்த 127 லக்ஸைப் பெற வேண்டுமானால் 36 வாட் செலவழிக்க வேண்டும்.

குழல் விளக்குக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. நீளமான விளக்கின் அருகில் ஒளி சற்று மெதுவாகவே குறையும். ஆனாலும் பக்கத்தில் வைத்தால் கூடுதல் வெளிச்சம் என்பதில் மாற்றமில்லை.

வசதியாகப் படிப்பதற்கு 300 லக்ஸ் வரை வேண்டும் என்று ஒளியமைப்புப் பொறியாளர்கள் கணக்கு வைக்கிறார்கள். நட்டும் போல்ட்டும் கழற்றும் வேலைக்கும் அதைவிடக் குறைந்தால் கண் களைத்துப்போகும். வேலை செய்யும் மேசைக்கு மேலே, சுவரை ஒட்டி, இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு 9 வாட் பல்புகள் வைத்தால் 250 லக்ஸ் கிடைத்துவிடும். ஒன்றின் நிழலை மற்றொன்று அழிக்கும். மீதி 50 லக்ஸுக்கு எங்கே போவது?

சுண்ணாம்புக்குப் போக வேண்டும். பூசி அப்படியே விட்ட சிமென்ட் சுவர் தன்மீது விழும் ஒளியில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. புதிதாக வெள்ளையடித்த சுவரோ முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்புகிறது. மாடி அறைகளுக்கெல்லாம் வர்ணம் பூசுகிறவர்கள் ஷெட்டை மட்டும் “அழுக்காகத்தானே போகிறது” என்று சாம்பல் நிறத்திலேயே விட்டுவிடுகிறார்கள். பிறகு விளக்குக் கடைக்குப் போகிறார்கள்! மின்கட்டணம் கேட்காத விளக்கு ஒன்று உண்டென்றால் அது வெள்ளைச் சுவர்தான். கூரையின் அடிப்பக்கத்தையும் மறக்காமல் அடியுங்கள்.

விளக்கு வாங்கும்போது வாட்டை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று மாறும் மாறுதிசை மின்னோட்டம். ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை உச்சத்துக்குப் போவதால், மலிவான சில விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. கண்ணுக்கு இது தெரியாது. ஆனால் 32 கம்பிகள் உள்ள சைக்கிள் முன்சக்கரத்தை நொடிக்கு மூன்று சுற்று வேகத்தில் சுழலவிட்டு, அத்தகைய விளக்கில் பாருங்கள். இரு துடிப்புகளுக்கு இடையே ஒரு கம்பி அடுத்த கம்பியின் இடத்துக்கு வந்துவிடும். சக்கரம் நிற்பது போலவோ, மெல்லப் பின்னோக்கிச் சுற்றுவது போலவோ தோன்றும். சைக்கிளில் இது வேடிக்கை. சாணைக்கல்லிலோ டிரில்லிலோ இது விளையாட்டல்ல. நின்றுவிட்டது என்று நம்பிக் கையை வைத்தால் விரல் போகும். பழைய தொழிற்கூடங்களில் அடுத்தடுத்த குழல் விளக்குகளை வெவ்வேறு பேஸ்களில் இணைத்து வைத்ததற்கு இதுவே காரணம். ஒன்று மங்கும் நேரத்தில் மற்றொன்று ஒளிரும்.

கடையிலேயே சோதித்துவிடலாம். விளக்கின் கீழே ஒரு பென்சிலை வேகமாக விசிறியைப் போல ஆட்டுங்கள். தொடர்ச்சியான மங்கல் தெரிந்தால் நல்ல விளக்கு. தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் விநோதமாகப் பார்ப்பார், பரவாயில்லை.

இனி, திருநீர்மலைக்காரர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக நினைக்க வேண்டிய ஒன்று. நீர் சூழ்ந்த மலை என்பதால்தான் இவ்வூருக்கு நீர்மலை என்று பெயர். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதாகவும், அது வடியும்வரை காத்திருந்து பெருமாளைச் சேவித்ததாகவும் தலவரலாறு சொல்கிறது. கதை இருக்கட்டும். 2015 டிசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். வெள்ளம் வந்தால் முதலில் நனைவது மாடியல்ல, ஷெட்தான். அங்கேதான் மோட்டார் சுவிட்சும், முழங்கால் உயரத்தில் ஒரு பிளக்கும், ஒட்டுப்போட்ட ஒயரில் தொங்கும் பல்பும் இருக்கின்றன. விளக்கை மாற்றுகிற அன்றே சுவிட்சுப் பலகையை மார்பு உயரத்துக்காவது ஏற்றச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்னும் பாதுகாப்புக் கருவி வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஃபிளட் லைட்டுக்குச் செலவழிக்க இருந்த பணத்தை இதில் போடலாம். இந்த வேலையை உரிமம் பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். நீங்கள் தொடக் கூடாது.

ஃபிளட் லைட்டின் மேல் எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. பெரும்பாலும் அதை ஷெட்டின் வாசலில், தெருவைப் பார்த்தபடி மாட்டுகிறார்கள். இருட்டில் விரிந்திருந்த கண்மணி அந்த வெளிச்சத்தில் சட்டெனச் சுருங்கும். விழித்திரையும் இருட்டுக்கேற்ற தன் கூருணர்வை இழக்கும். அதை முழுவதும் மீட்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிறது. எதிரே சைக்கிளில் வருகிற பெரியவருக்கு அந்தச் சில நொடிகள் சாலைப் பள்ளமும் தெரியாது, படுத்திருக்கும் மாடும் தெரியாது. நம் ஷெட் வெளிச்சமாக இருப்பதற்காக அவர் ஏன் விழ வேண்டும்? வாசலில் விளக்கு வேண்டுமென்றால் மேலே மூடியிட்டு, தரையை மட்டும் பார்க்கும்படி வையுங்கள். நிறம் மஞ்சள் கலந்த வெண்மையாக இருக்கட்டும். நீலம் மிகுந்த வெள்ளொளி பூச்சிகளைக் கூடுதலாக இழுக்கும். மழைக்குப் பிறகு ஈசல் வந்து ஷெட்டு முழுவதும் இறகு உதிர்க்கிற ஊரில் இது சின்ன விஷயமல்ல.

கட்டணத்தையும் பார்த்துவிடுவோம். நாளுக்கு நான்கு மணி நேரம் எரிந்தால், 50 வாட் விளக்கு முப்பது நாளில் 6 யூனிட் எடுக்கும். இரண்டு 9 வாட் பல்புகளும் சேர்ந்து 2 யூனிட்டுக்குச் சற்று மேல்.

இன்று மாலை ஷெட்டில் இருக்கும் பழைய பல்பையே போட்டு, வழக்கமாக வேலை செய்யும் இடத்தில் உட்காருங்கள். உங்கள் நிழல் விழுகிற இடத்தைத் தம்பியையோ தங்கையையோ சாக்பீஸால் தரையில் வரையச் சொல்லுங்கள். மேசை அருகில் ஒன்று, ஸ்கூட்டர் பக்கத்தில் ஒன்று, மோட்டாருக்கு முன்னால் ஒன்று. அழிப்பதற்குள் வயர்மேனைக் கூப்பிட்டு அதைக் காட்டுங்கள். பல்பு எங்கே வர வேண்டும் என்று அவரே சொல்லிவிடுவார்.